வான்கோழி கோலா உருண்டை, கீரையும் சீஸும் சேர்த்து

தஞ்சாவூர்ப் பக்கம் வான்கோழிக் கறி கிடைத்தால் குழம்போடு நிறுத்திவிடாதீர்கள். கோலா உருண்டை அருமையாக வரும். நெஞ்சுக்கறி மட்டும் என்றால் வறண்டுவிடும், தொடைக்கறியும் கலந்து கொத்தி வாங்குங்கள். அரைக் கிலோவுக்கு இரண்டு கைப்பிடி அரைக்கீரை. பொடியாக நறுக்கி வதக்கி, ஆறியதும் தண்ணீர் சொட்டாத அளவுக்கு ஒட்டப் பிழியுங்கள். இதில்தான் விஷயமே இருக்கிறது: ஈரம் நின்றால் உருண்டை எண்ணெயில் பிரிந்துவிடும். சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, சோம்பு, பச்சை மிளகாய், மூன்று ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பிசையுங்கள். சீஸிலேயே உப்பு உண்டு, பார்த்துப் போடுங்கள். நடுவில் சுண்டைக்காய் அளவு சீஸ் வைத்து, வெடிப்பில்லாமல் உருட்டி, மிதமான தீயில் பொரியுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஒன்றைப் பிட்டு, நடுக்கறி வெந்திருக்கிறதா என்று பாருங்கள்.