ஓடை வழியே வரும் வாசகருக்குப் பதிவைத் தயார்செய்வது எப்படி?

செய்தியோடை என்பது ஒரு தளத்தின் புதிய பதிவுகளைத் தாங்கி நிற்கும் கோப்பு; பல தளங்களின் ஓடைகளைப் படித்து ஒரே இடத்தில் காட்டும் செயலியோ தளமோதான் திரட்டி. ஓடையில் சந்தா சேர்ந்த வாசகர் உங்கள் தளத்தைத் தேடி வருவதில்லை. உங்கள் எழுத்துதான் அவருடைய திரட்டிக்குப் போய்ச் சேர்கிறது. அப்படிப் போகும்போது தளத்தின் வடிவமைப்பு, முகப்புப் படம், பக்கப்பட்டை, நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எழுத்துரு ஆகிய எதுவும் உடன் செல்வதில்லை. தலைப்பு, தேதி, உரை, படங்கள் ஆகியவை மட்டுமே செல்கின்றன. ஆகவே, ஒவ்வொரு பதிவையும் தளத்தின் துணையின்றித் தனித்து நின்று பொருள் தரும்படி அமைப்பதே இந்தப் பணியின் சாரம்.

நெட்ஸ்கேப் நிறுவனம் 1999இல் ஆர்.எஸ்.எஸ். என்னும் ஓடை வடிவத்தை வெளியிட்டது; இன்று பெருவழக்காக உள்ள ஆர்.எஸ்.எஸ். 2.0 பதிப்பு 2002இலும், ஆட்டம் (Atom) என்னும் மற்றொரு வடிவம் 2005இலும் வந்தன. தமிழ் வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில் தமிழ்மணம் போன்ற திரட்டிகளே புதிய பதிவர்களுக்கு வாசகரைக் கொண்டுவந்தன; அந்தத் திரட்டிகளும் ஓடைகளைப் படித்தே இயங்கின. கூகுள் ரீடர் என்னும் திரட்டி 2013இல் மூடப்பட்டபோது ஓடைகளின் காலம் முடிந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். ஆனால் ஃபீட்லி, இனோரீடர், நெட்நியூஸ்வயர் போன்ற செயலிகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. பாட்காஸ்ட் விநியோகம் ஆர்.எஸ்.எஸ். மீதே நிற்கிறது. எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று இடையில் ஒரு நிறுவனம் தீர்மானிக்காத வழி இது என்பதால், சிறிய தளம் நடத்துபவருக்கு இதைவிட நேர்மையான வாயில் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

முதலில் தலைப்பைப் பாருங்கள். திரட்டியில் உங்கள் தலைப்பு, வேறு பல தளங்களின் தலைப்புகளுக்கு நடுவே ஒற்றை வரியாக நிற்கும். ‘சில எண்ணங்கள் – பகுதி 4’ என்ற தலைப்பு உங்கள் தளத்திற்குள் பொருள் தரலாம். அந்தப் பட்டியலிலோ அது எதையும் சொல்வதில்லை. அதே பதிவுக்கு ‘மண்சட்டித் தயிர் ஏன் கெட்டியாக இருக்கிறது?’ என்று தலைப்பிட்டால், அந்தப் பொருளில் நாட்டமுள்ளவர் அழுத்திப் படிப்பார். கைபேசித் திரையில் நீண்ட தலைப்பு வெட்டுப்படும் என்பதால், முக்கியமான சொல் முன்பாதியிலேயே வந்துவிட வேண்டும். தொடரின் பெயரும் பகுதி எண்ணும் கடைசியில் வரட்டும்.

அடுத்தது முதல் பத்தி. பெரும்பாலான திரட்டிகள் தலைப்பின்கீழ் பதிவின் தொடக்க வரிகளையே முன்னோட்டமாகக் காட்டும். ‘அனைவருக்கும் வணக்கம், நீண்ட நாட்களாக எழுத இயலவில்லை’ என்று தொடங்கும் பதிவு, தனக்குக் கிடைத்த இரண்டு வரி இடத்தையும் இழந்துவிடுகிறது. ‘மண்சட்டியின் நுண்துளைகள் தயிரிலுள்ள நீரில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன’ என்று நேரே செய்தியில் இறங்குங்கள். நலம் விசாரிப்பதற்குப் பதிவின் முடிவில் இடம் உண்டு.

முழு உரையையும் ஓடையில் தருவதா, சுருக்கத்தை மட்டும் தருவதா என்ற கேள்வி எப்போதும் எழும். வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸில் ‘ரீடிங்’ அமைப்புப் பக்கத்திலும், கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் ‘சைட் ஃபீட்’ பகுதியிலும் இதைத் தேர்ந்தெடுக்கலாம். என் பரிந்துரை முழு உரைதான். சுருக்கம் தந்தால் வாசகர் தளத்துக்கு வந்தே தீருவார் என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் பேருந்தில் நின்றபடி படிப்பவர், பாதியில் நின்றுபோகும் பதிவைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். விளம்பர வருவாயை நம்பியிருக்கும் தளமாக இருந்து சுருக்கம்தான் தர முடியும் என்றால், மென்பொருள் தானாக வெட்டித் தருவதை விட்டுவிட்டு, பதிவு எதைப் பற்றியது என்பதைச் சொல்லும் இரண்டு மூன்று வாக்கியங்களை நீங்களே எழுதுங்கள். சொந்தமாக நிரல் எழுதிச் சுருக்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (புள்ளி, துணைக்கால் போன்றவையும் தனிக் குறிகளே) 3 பைட் இடம் எடுப்பதால், பைட் கணக்கில் வெட்டினால் கடைசி எழுத்து சிதைந்து கேள்விக்குறிக் கட்டமாகத் தெரியும்.

உரைக்குள் ‘வலப்பக்கப் பட்டியலில் காண்க’, ‘சிவப்பில் உள்ளவை முக்கியமானவை’ என்றெல்லாம் எழுதாதீர்கள். திரட்டியில் வலப்பக்கமும் இராது, சிவப்பும் இராது. படங்களுக்கும் சுட்டிகளுக்கும் தளத்தின் பெயரோடு கூடிய முழு முகவரி தேவை. பாதி முகவரி தந்தால் பல செயலிகளில் படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகிவிடும். பதிக்கப்பட்ட காணொளியைச் சில செயலிகள் நீக்கிவிடுவதால், அதன் சுட்டியைத் தனி வரியாகவும் கொடுத்துவிடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது பதிவின் நிலையான அடையாளத்தை. ஓடையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு, ஆர்.எஸ்.எஸ்.ஸில் அதை ‘ஜி.யு.ஐ.டி.’ என்பார்கள். ஒரு பதிவு புதியதா, ஏற்கெனவே வந்ததா என்பதைத் திரட்டி பெரும்பாலும் இதைக் கொண்டே அறிகிறது. பதிவின் முகவரியையே அடையாளமாக வைத்துவிட்டுப் பின்னர் முகவரியை மாற்றினால், பழைய பதிவு புதியதுபோல மறுபடியும் வாசகரிடம் போகும். தளம் முழுவதையும், முகவரி https என்று தொடங்கும் பாதுகாப்பான இணைப்பு முறையான எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கு மாற்றும் நாளில் ஓடையிலுள்ள எல்லாப் பதிவுகளும் ஒரே நேரத்தில் திரும்ப வந்து குவிவதற்கும் இதுவே காரணமாகலாம். வேர்ட்பிரஸ் பதிவு எண்ணைக் கொண்டு இந்தக் குறியை அமைப்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

அங்கும் முகவரியில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்த் தலைப்பிலிருந்து தானாக உருவாகும் முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்துகளாக விரிகிறது; வேர்ட்பிரஸ் அந்தப் பகுதியை 200 எழுத்துகளில் நிறுத்திவிடுவதால், புள்ளியும் துணைக்காலும் உட்பட ஏறத்தாழ 22 குறிகளுக்குப் பிறகு வருவது வெட்டுப்படும். வெளியிடுவதற்கு முன்பே ரோமன் எழுத்தில் குறுகிய முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டு, பின்னர் அதைத் தொடாதீர்கள்.

தேதியோடு நேர மண்டலம் சேர்ந்திருக்க வேண்டும்; இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அது +0530. பழைய பதிவை மேலே கொண்டுவருவதற்காகத் தேதியை மாற்றுவது வாசகரின் நம்பிக்கையைக் கெடுக்கும். வேர்ட்பிரஸ் ஓடையில் இயல்பாக 10 பதிவுகள் இருக்கும். ஒரே நாளில் அதற்குமேல் வெளியிடும் தளம் அந்த எண்ணிக்கையை உயர்த்தாவிட்டால், எப்போதாவது திரட்டியைத் திறப்பவருக்குச் சில பதிவுகள் கிடைக்காமலே போகலாம்.

எல்லாம் முடிந்தபின், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் ஓடைச் சரிபார்ப்புப் பக்கத்தில் உங்கள் ஓடையின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். ஓடைக் கோப்பின் முதல் வரியாக நிற்க வேண்டிய எக்ஸ்.எம்.எல். அறிவிப்புக்கு முன்னால் தவறி விழுந்த ஒரு வெற்று வரியே ஓடை முழுவதையும் படிக்க முடியாமல் செய்துவிடும். அதை இந்தச் சோதனை உடனே காட்டும். பிறகு, பக்கத்தின் தலைப்பகுதி நிரலில் ஓடைக்கான சுட்டி இருப்பதை உறுதிசெய்யுங்கள். வாசகர் தளத்தின் பெயரை மட்டும் திரட்டியில் உள்ளிட்டாலும் ஓடை கண்டுபிடிக்கப்படுவது அதனால்தான். கண்ணுக்குத் தெரியும் இடத்திலும் ஒரு சுட்டி வைத்துவிட்டு, நீங்களே உங்கள் ஓடைக்குச் சந்தா சேர்ந்து, அடுத்த பதிவைக் கைபேசித் திரட்டியில் தொடக்கம் முதல் இறுதி வரை ஒருமுறை படித்துப் பாருங்கள்.