ஓர் ஓடையின் நீர்மின் திறனை மதிப்பிடும் முறை

ஓடும் நீரிலிருந்து எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்பதை முதன்மையாக இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: நீர் இறங்கும் உயரம், ஒரு நொடியில் பாயும் நீரின் அளவு. உயரத்தை, நீர் நிரப்பிய ரசமட்டக் குழாயைக் கொண்டு படிப்படியாக அளந்து கூட்டிக்கொள்ளலாம்.

நீரோட்டத்தை அளப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. சிற்றோடையாயின், முழு நீரையும் கொள்ளளவு தெரிந்த ஒரு கலனுக்குள் திருப்பி, அது நிரம்பும் நேரத்தைக் குறித்தால் போதும். பெரிய ஓடையில், நேரான பகுதியில் மிதவையொன்றை விட்டு, அதன் வேகத்தை நீரின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்க வேண்டும். ஆனால், அடிப்பகுதியில் நீர் மெதுவாகச் செல்வதால், கிடைத்த விடையைச் சற்றுக் குறைத்தே கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் அளந்துவிட்டு இயந்திரம் வாங்குவதைப் போன்ற பிழை வேறில்லை. வறண்ட மாதங்களில் ஓடும் நீரே உண்மையான அளவுகோல்.

நொடிக்குக் கன மீட்டரில் நீரோட்டம், மீட்டரில் உயரம், புவியீர்ப்பு முடுக்கமான 9.81 ஆகிய மூன்றையும் பெருக்கி, இழப்புகள் போக அதில் 60 விழுக்காட்டைக் கொண்டால், சிறு நிலையங்களுக்கான திறன் கிலோவாட்டில் தோராயமாகக் கிடைக்கும். நொடிக்கு 50 லிட்டர், அதாவது 0.05 கன மீட்டர் நீர் 20 மீட்டர் இறங்கினால், ஏறக்குறைய 6 கிலோவாட் கிடைக்கும்.

ஓடையின் முழு நீரையும் இயந்திரத்துக்குச் செல்லும் குழாய்க்குள் திருப்பிவிடக் கூடாது. மீன்களுக்கும் கீழ்ப்பகுதியில் வாழ்வோருக்கும் உரிய நீரை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும். பேரணைகளில் இக்கேள்வி இன்னும் கடுமையானது: 22,500 மெகாவாட் திறனுள்ள சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணைக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்க்கப்பட்டனர்.