நீர்க்கடுப்பைப் பிரித்து அளக்கும் முறை

வேலூர்ப் பகுதியில் கோடையில் நாள்பட்ட இடுப்புவலி பற்றிய ஆய்வுக்கு ஆள் சேர்ப்பவர் முதலில் எதிர்கொள்வது 'நீர்க்கடுப்பு' என்ற சொல்லைத்தான். எரிச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி ஒன்றுக்குப் போவது மூன்றும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் ஆய்வில் வலிக்கு ஓர் எண்ணும் சிறுநீர்த் தொந்தரவுக்கு வேறோர் எண்ணும் வேண்டும். நாள்பட்ட இடுப்புவலியை ஆராய அமெரிக்காவில் 2008இல் தொடங்கிய மேப் (MAPP) ஆய்வு வலையமைப்பும் இவ்விரண்டையும் ஒரே கூட்டெண்ணில் கலக்காமல் தனித்தனியே அளக்கவே பரிந்துரைத்தது.

கடந்த ஆறு மாதங்களில் குறைந்தது மூன்று மாதங்களாவது வலி இருந்தவர்களையே சேர்க்க வேண்டும். சிறுநீர் வளர்ப்புச் சோதனை செய்து கிருமித்தொற்று உள்ளவர்களை விலக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வில் முதல் அளவை அக்னி நட்சத்திரத்திலும் இறுதி அளவை ஐப்பசி மழையிலும் எடுத்தால், தணிந்தது நோயா வெயிலா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆண்களுக்கு, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் (என்ஐஎச்) பெயரில் 1999இல் வெளிவந்த புராஸ்டேட் சுரப்பி அழற்சி வினாத்தாள் பொருந்தும். அதன் மொத்தப் புள்ளி 43. வலிக்கு 21, சிறுநீருக்கு 10, வாழ்க்கைத் தரத்துக்கு 12. பெண்களும் இருக்கும் ஆய்வுக்கு அதையே இருபாலருக்கும் ஏற்ப மாற்றி 2009இல் வந்த குபி (GUPI) வினாத்தாளை எடுக்கலாம்; அதில் மொத்தம் 45, வலிக்கு 23. மொழிபெயர்ப்பில் மிகவும் கவனிக்க வேண்டிய கேள்வி வலியின் சராசரி பற்றியது. 'சென்ற வாரத்தில் வலி இருந்த நாட்களில்' சராசரியாக எவ்வளவு என்றே அது கேட்கிறது. 'வலி இருந்த நாட்களில்' என்ற சொற்கள் விடுபட்டால், இரண்டு நாள் துடித்து ஐந்து நாள் நன்றாக இருந்தவர் தாமாகவே ஏழு நாளுக்கும் வகுத்து, பத்துக்கு 8 சொல்ல வேண்டிய இடத்தில் 2 சொல்லிவிடுவார். மொழிபெயர்த்த தாளைக் குடியாத்தத்திலோ அணைக்கட்டிலோ சிலரிடம் படித்துக் காட்டி, கேள்வியை அவர்கள் சொந்தப் பேச்சில் திருப்பிச் சொல்லச் செய்தால் இத்தகைய பிசகு உடனே வெளிப்படும். புராஸ்டேட் சார்ந்த சிறுநீர்த் தொந்தரவை அளக்கும் ஐபிஎஸ்எஸ் (IPSS) வினாத்தாளையும் சேர்த்தால், அது சென்ற ஒரு மாதத்தைக் கேட்கிறது என்பதைத் தனியாக நினைவூட்ட வேண்டும்.

சிறுநீர் கழித்து இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக நேர்ந்ததா என்று இந்த வினாத்தாள்களில் வரும் கேள்வி இங்கே ஏமாற்றக்கூடியது. கழிப்பறை வசதி இல்லாத வேலையிடத்தில் பீடி சுற்றும் பெண், அவசரம் இருந்தும் அடக்கிக்கொண்டு 'இல்லை' என்பார். தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கவும் கூடும். ஆகையால் மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பேடு கொடுத்து, நேரம், அளவு, குடித்த நீர், அவசரத்தின் அளவு, அடக்கிய தடவைகள் ஆகியவற்றைக் குறிக்கச் செய்ய வேண்டும். எழுதத் தெரியாதவருக்குச் சூரியன், நிலா படமிட்ட தாளும் கோடு போட்ட குவளையும் போதும். பெண்களிடம் பெண்ணே கேட்பதும், முதலில் கேட்டவரே கடைசிவரை கேட்பதும் நல்லது.

என்ஐஎச் வினாத்தாளில் 6 புள்ளி குறைந்தாலே நோயாளி தேறியதாக உணர்கிறார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அந்த ஆறும் வலிப் பகுதியிலிருந்தே வந்திருக்கலாம் என்பதால், முடிவு அட்டவணையில் மொத்த எண்ணுக்குப் பக்கத்திலேயே மூன்று பகுதிகளின் எண்களையும் தனித்தனியே அச்சிட வேண்டும்.