சிறிய வலையில் நிலைமாற்றத்தைப் பிடிப்பது எப்படி?

ஐசிங் மாதிரி என்பது காந்தத்தின் எளிய மாதிரி: ஒழுங்காக அடுக்கிய புள்ளிகளின் வலை, ஒவ்வொரு புள்ளியிலும் மேலோ கீழோ நோக்கும் ஒரு குட்டிக் காந்தம், அதாவது ஸ்பின். அண்டை ஸ்பின்கள் ஒரே திசையில் நிற்கவே விரும்பும். இதன் இருபரிமாண வடிவத்தை இயற்பியலாளர் ஆன்சாகர் 1944-இல் துல்லியமாகத் தீர்த்தார். அதன் மாறுநிலை வெப்பநிலை, அதாவது காந்தத்தன்மை மறையும் வெப்பநிலை, சுமார் 2.269 (அண்டை ஸ்பின்களின் பிணைப்பு ஆற்றலையும் போல்ட்ஸ்மன் மாறிலியையும் 1 என்று வைத்தால்). ஆனால் இது முடிவில்லாத வலைக்கான விடை. கணினியில் இருப்பதோ சில ஆயிரம் ஸ்பின்கள். அங்கே காந்தமாதல் (எல்லா ஸ்பின்களின் சராசரி) ஒரே வெப்பநிலையில் சட்டென்று மறையாது, மெல்ல மெல்லக் குறையும். வலையைப் பெரிதாக்கும்போது இந்த மங்கல் எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே உண்மையான விடை கிடைத்துவிடும்.

படி 1: வலை. பக்கத்துக்கு 8, 16, 32 என மூன்று சதுர வலைகள் போதும். ஒவ்வொரு புள்ளியிலும் +1 அல்லது −1. வலது ஓரத்தை இடது ஓரத்தோடும், மேலே இருப்பதைக் கீழே இருப்பதோடும் இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஓர ஸ்பின்களே முடிவைக் கெடுத்துவிடும்.

படி 2: புரட்டுதல். ஏதாவது ஒரு ஸ்பின்னை எடுங்கள். அதை அதன் நான்கு அண்டை ஸ்பின்களின் கூட்டுத்தொகையால் பெருக்கி இரட்டித்தால், புரட்ட ஆகும் ஆற்றல். −8, −4, 0, 4, 8 தவிர வேறெதுவும் வராது. சுழியோ அதற்குக் கீழோ என்றால் புரட்டிவிடுங்கள். 4 அல்லது 8 என்றால், அதை வெப்பநிலையால் வகுத்து, எதிர்க்குறியோடு அடுக்குக்குறிச் சார்பில் போட்டு வரும் நிகழ்தகவுப்படி புரட்டுங்கள். இது மெட்ரோபோலிஸ் முறை.

படி 3: அளத்தல். வெப்பநிலையை 2.0 முதல் 2.6 வரை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். வலை நிலைபெறும்வரை வருவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காந்தமாதலின் குறியை விட்டு, அளவை மட்டுமே எடுங்கள். சிறிய வலை மொத்தமாகக் குறி மாறிக்கொண்டே இருக்கும், நேரடிச் சராசரி எடுத்தால் சுழிதான் மிஞ்சும்.

படி 4: ஒப்பிடுதல். இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். மாறுநிலையை நெருங்க நெருங்க ஒரு ஸ்பின்னின் செல்வாக்கு எட்டும் தூரம் கூடிக்கொண்டே போகும். சிறிய வலையில் அது சீக்கிரமே வலையின் அளவை எட்டிவிடும், அதற்குமேல் வளர இடமில்லை. அதனால்தான் காந்த ஏற்புத்திறனின் (வெளிக் காந்தப்புலத்துக்கு வலை எவ்வளவு எளிதில் இணங்குகிறது என்பதன் அளவு) உச்சி தாழ்ந்து, அகன்று, 2.269-க்குச் சற்று மேலே விழுகிறது. பக்கத்தை இரட்டித்தால் உச்சி ஏறக்குறைய 3.4 மடங்கு உயரும், 2.269-இலிருந்து அதன் விலகல் பாதியாகும். ஒரே வலையின் உச்சியைப் பார்த்து 'இதுதான் மாறுநிலை' என்று சொல்லிவிடக் கூடாது.

இதைவிட நம்பகமான வழி பைண்டர் விகிதம். காந்தமாதலின் நான்காம் அடுக்குச் சராசரியை, இரண்டாம் அடுக்குச் சராசரியின் வர்க்கத்தைப் போல் மூன்று மடங்கால் வகுத்து, 1-இலிருந்து கழியுங்கள். மூன்று வலைகளின் கோடுகளும் 2.269-ஐ ஒட்டி, கிட்டத்தட்ட 0.61 உயரத்தில் வெட்டிக்கொள்ளும்.

வெட்டுப்புள்ளிகள் சிதறினால் முதலில் ஓட்டத்தை நீட்டிப் பாருங்கள். மாறுநிலையில், பக்கம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் வலை பழைய நிலையை மறக்க ஏறக்குறைய நாலரை மடங்கு சுற்றுகள் பிடிக்கும் (வலையில் எத்தனை ஸ்பின்களோ அத்தனை புரட்டல் முயற்சிகள் ஒரு சுற்று). பக்கத்துக்கு 64 என்ற வலைக்குப் போவதென்றால் வூல்ஃப் முறைக்கு மாறிவிடுவது நல்லது. அது ஒத்த ஸ்பின்களைக் கொத்தாகப் புரட்டுவதால் இந்தத் தாமதம் பெருமளவு குறையும்.