மறைமுகக் கட்டளைப் பேச்சு: புதிதாகக் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளிலும் தண்டையார்பேட்டை ஃபைனான்ஸ் அலுவலகங்களிலும் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளில் சிலர் ‘ஹிப்னாடிக் பேச்சு’ வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். எதிரே நிற்பவருக்குத் தெரியாமலே அவரை வளைக்கலாம் என்ற நம்பிக்கை. இந்தத் துறைக்கு வந்த எல்லோரும் ஒரு காலத்தில் இடறிய அதே இடங்களில் இவர்களும் இடறுகிறார்கள். முறைத்துப் பார்ப்பது, குரலை இழுத்துப் பேசுவது போன்றவை தானாகவே விட்டுப்போகும். விடாமல் ஒட்டிக்கொள்பவை கீழே.

கட்டளையை வாக்கியத்துக்குள் ஒளிப்பது

அதிகப் பணம் போவது இதில்தான். இன்றும் எரிச்சலூட்டுவதும் இதுதான்.

அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன் (1901–1980) தன்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் நேரடியாகக் கட்டளையிடாமல் சுற்றி வளைத்துப் பேசினார். 1970களில் ரிச்சர்ட் பாண்ட்லரும் ஜான் கிரைண்டரும் அந்தப் பேச்சைப் பிரித்தெடுத்து என்எல்பி (நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங்) என்ற பெயரில் சூத்திரங்களாக்கினார்கள். அதில் ஒன்று: சாதாரண வாக்கியத்தின் நடுவே கட்டளைச் சொல்லை வை, அதற்கு முன் சின்ன இடைவெளி விடு, அந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்து. கேட்பவரின் அடிமனம் அதை உத்தரவாக எடுத்துக்கொள்ளும் என்பது வாதம்.

எரிக்சனிடம் வந்தவர்கள் உதவி தேடி, அவரை நம்பி, சம்மதித்து உட்கார்ந்தவர்கள். சேலை பார்க்க வந்த அக்கா அப்படியில்லை. முதல் ஓட்டை இது.

இரண்டாவது, தமிழில் இந்தச் சூத்திரம் நிற்பதே இல்லை. ‘யூ கேன் ரிலாக்ஸ்’ என்பதில் ‘ரிலாக்ஸ்’ மட்டும் தனியே ஒலித்தால் ஏவலாகவும் கேட்கும். தமிழில் ‘வாங்கலாம்’, ‘வாங்கறதுக்கு’, ‘வாங்கினா’ என்று வினையோடு விகுதி ஒட்டிக்கொண்டிருக்கும். ஏவலைத் தனியே உருவ வழியில்லை. உருவ வேண்டுமானால் ‘ன்னு’ போட்டாக வேண்டும். ஒரு கடையில் புதுப் பையன் அப்படித்தான் மனப்பாடம் செய்து வந்து, “இந்தக் கலரைப் பார்த்தாலே... எடுத்துக்கோ... ன்னு மனசு சொல்லும்க்கா” என்றான். அந்த அம்மா நிமிர்ந்து, “இன்னா தம்பி, எடுத்துக்கோன்றே?” என்று கேட்டுவிட்டு, எடுத்து வைத்திருந்த மற்ற இரண்டு சேலையையும் மேசையிலேயே விட்டுப் போனார். மரியாதை சேர்த்து ‘எடுத்துக்கோங்க’ என்று மாற்றினால் பிறகு அதில் ஒளிவு எங்கே? எல்லாக் கடையிலும் எல்லோரும் சொல்வதுதானே அது!

மூன்றாவது, சான்று. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1988 அறிக்கையில் என்எல்பியை அலசியபோது, அது பிறரை இணங்கவைக்கும் உத்தியாக வேலை செய்வதற்கு ஆதாரம் தென்படவில்லை. தன்னை யாரோ தள்ளுகிறார்கள் என்று உணர்ந்தவர் எதிர்ப்பக்கம் திரும்புவார் என்பதையோ உளவியலாளர் ஜாக் பிரெம் 1966லேயே விளக்கிவிட்டார்.

வேலை செய்வது இதற்கு நேர் எதிரானது. 2000இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில் தெரியாதவர்களிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்டார்கள். ‘கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்’ என்று சேர்த்ததும், கொடுத்தவர்கள் 10 சதவீதத்திலிருந்து 47.5 ஆனார்கள். ஆகவே குறையையும் சேர்த்தே சொல்லுங்கள்: “முதல் ரெண்டு தடவை தனியா அலசணும்க்கா, சாயம் போகும். புடிச்சா எடுங்க, இல்லன்னா பரவால்ல.”

சின்ன வெற்றியைப் பெரிய காரியத்துக்கு நீட்டுவது

1978இல் உளவியலாளர் எலன் லாங்கரின் குழு நியூயார்க்கில் ஜெராக்ஸ் வரிசையில் நின்றவர்களிடம் முந்திக்கொள்ள அனுமதி கேட்டது. 5 பக்கம் என்று மட்டும் கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டார்கள். ‘ஏன்னா நான் ஜெராக்ஸ் எடுக்கணும்’ என்று வெற்றுக் காரணம் சேர்த்தபோது 93. இதைத்தான் எல்லா வகுப்பிலும் காட்டுகிறார்கள். அதே ஆய்வில் 20 பக்கம் கேட்டபோது வெற்றுக் காரணத்தால் பலனே இல்லை. அதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் 24 சதவீதம்தான். நிஜக் காரணம் சொன்னபோது 42. நகைச் சீட்டும் மனைக்கட்டும் 20 பக்க ரகம்.

விற்றதை மட்டும் எண்ணுவது

நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் காசு சுண்டி, தலை விழுந்தால் புது வாக்கியம், பூ விழுந்தால் வழக்கமான பேச்சு. வாங்காமல் போனவரையும் எழுத வேண்டும். இரு பக்கமும் 100 பேராவது சேரட்டும். 100க்கு 20, 100க்கு 23 என்று வந்தால் அது வித்தியாசமே இல்லை. ஆடித் தள்ளுபடியில் சோதிக்காதீர்கள். அப்போது விற்பது விலைக்குறைப்பு.

கண் போகும் பக்கத்தை வைத்துப் பொய் கண்டுபிடிப்பது

2012இல் சோதித்தார்கள். தொடர்பில்லை.

சம்மதம் கேட்காமல் ஹிப்னாஸிஸ்

கூடவே கூடாது.

ஏமாந்தவரைப் புகாரில் ‘மயக்கிட்டாங்க’ என்று எழுதவைப்பது

மார்ட்டின் ஓர்ன், ஃபிரெடெரிக் எவன்ஸ் 1965 ஆய்வில், ஹிப்னாஸிஸில் இருந்தவர்கள் அமிலம் என்று சொல்லப்பட்டதில் கை விட்டார்கள். ஹிப்னாஸிஸில் இருப்பதுபோல் நடித்தவர்களும் விட்டார்கள். ஆய்வாளர் தங்களுக்குத் தீங்கு வரவிடமாட்டார் என்ற நம்பிக்கைதான் இரு தரப்பையும் இயக்கியது. போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் கைது’ மோசடியில், வீடியோவில் தெரியும் போலீஸ் உடுப்புக்கும் அதே பலம். கூடவே பயம், அவசரம், ‘வீட்டில் யாரிடமும் சொல்லாதே’ என்ற தடை.

வசியம் என்று எழுதினால் விசாரிக்கப் பிடி கிடைக்காது. முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் கைமாறும் முன் நிறுத்த வாய்ப்புண்டு. பிறகு வரிசையாக எழுதுங்கள்: எந்த எண்ணிலிருந்து அழைப்பு, எத்தனை மணிக்கு, யார் என்று சொன்னார்கள், எந்த வழக்கைச் சொல்லி மிரட்டினார்கள், எந்தக் கணக்குக்கு எவ்வளவு போனது, பரிவர்த்தனை எண் என்ன. அழைப்புப் பட்டியலையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.