கிரான் வேலை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஃப்ளாக் போட்டுப் பூட்டுவது

கிரான் என்பது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி. 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டிய கிரான் வேலை ஒருநாள் 7 நிமிடம் இழுத்தால், முதல் ஓட்டம் முடிவதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். இரண்டும் ஒரே ஃபைலில் எழுதும். இதைத் தடுக்கப் பலரும் பிஐடி ஃபைல் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின், அதாவது ப்ராசஸின், எண்ணை எழுதி வைக்கும் ஃபைல்) இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உருவாக்குகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பார்ப்பதற்கும் உருவாக்குவதற்கும் நடுவில் இன்னொரு ப்ராசஸ் நுழைந்துவிடும். ஸ்கிரிப்ட் ‘கில் -9’ (உடனடிக் கட்டாய நிறுத்தம்) வாங்கி நின்றுபோனால் அந்த ஃபைல் அப்படியே கிடக்கும், அடுத்த வேலை ஓடவே ஓடாது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தரும் பூட்டில் இந்தத் தொல்லை இல்லை. ப்ராசஸ் எப்படிச் செத்தாலும் கெர்னல் அதன் டிஸ்கிரிப்டர்களை, அதாவது அது திறந்த ஃபைல்களுக்கான எண்களை, மூடும்போது பூட்டும் திறந்துவிடும்.

லினக்ஸில் யூட்டில்-லினக்ஸ் தொகுப்போடு, இந்தப் பூட்டைப் போடும் ‘ஃப்ளாக்’ கட்டளை வருகிறது. கிரான் வரியில் முதலில் ஃப்ளாக், அடுத்து ‘-என்’, பிறகு லாக் ஃபைலின் பாதை, கடைசியில் உங்கள் ஸ்கிரிப்ட். ‘-என்’ போட்டால், பூட்டு கிடைக்காதபோது காத்திராமல் 1 என்ற எக்ஸிட் கோடோடு (முடிவைச் சொல்லும் எண்) வெளியேறும். ஸ்கிரிப்டும் 1 தரக்கூடும் என்றால் பெரிய எழுத்து ‘-ஈ’ கொடுத்து 75 போல வேறு எண்ணை வையுங்கள். அரை நிமிடம் காத்துப் பார்க்க ‘-டபிள்யூ 30’. சரிபார்ப்பது சுலபம்: ஒரு டெர்மினலில் ஸ்கிரிப்டுக்குப் பதிலாக ‘ஸ்லீப் 60’ ஓடவிட்டு, இன்னொன்றில் அதே கட்டளையைக் கொடுங்கள். உடனே திரும்பி வர வேண்டும்.

ரூட் வேலைக்கு லாக் ஃபைலை ரூட் மட்டுமே நுழையக்கூடிய டைரக்டரியில் வையுங்கள், ‘/டெம்ப்’ வேண்டாம். ஃபைலைப் படிக்கத் திறக்க முடிந்த யாரும் அதைப் பூட்டி உங்கள் வேலையை முடக்கலாம்.

ஸ்கிரிப்டுக்குள்ளேயே பூட்டுவதானால் ஷெல்லின் எக்செக் கட்டளை மூலம் 9ஆம் டிஸ்கிரிப்டரை ‘9>>’ என்று லாக் ஃபைலில் திறந்து, பிறகு 9ஐப் பூட்டுங்கள். டேட்டா ஃபைலையே ‘9>’ என்று திறந்தால், பூட்டு கிடைக்கும் முன்பே உள்ளடக்கம் அழிந்துவிடும்.

வேலை முடிந்ததும் லாக் ஃபைலை அழிக்கும் பழக்கம்தான் பெரிய ஆபத்து. பூட்டு விழுவது பெயரின்மேல் அல்ல, ஐநோடின்மேல் (பெயருக்குப் பின்னால் டிஸ்கில் இருக்கும் உண்மையான ஃபைல் பதிவு). முதல் ப்ராசஸ் பூட்டி வைத்திருக்கிறது, இரண்டாவது அதே ஐநோடைத் திறந்து காத்திருக்கிறது. முதலாவது ஃபைலை அழித்துவிட்டு வெளியேறுகிறது. இரண்டாவதுக்கு அழிந்த ஐநோடின்மேல் பூட்டு கிடைக்கிறது. அந்நேரம் மூன்றாவது வந்து அதே பெயரில் புது ஃபைலை உருவாக்கி அதைப் பூட்டுகிறது. இப்போது இரண்டும் ‘நான் மட்டும்தான்’ என்று ஓடும். 0 பைட் ஃபைல் கிடந்தால் கிடக்கட்டும்.

வேலை முடிந்தும் பூட்டு விடவில்லையென்றால், ஸ்கிரிப்ட் கிளப்பிய டீமனை (பின்னணியில் தொடர்ந்து ஓடும் ப்ராசஸை) சந்தேகியுங்கள். 9ஆம் டிஸ்கிரிப்டர் பிள்ளை ப்ராசஸுக்கும் போய்ச் சேர்கிறது. அது மூடாதவரை பூட்டு நிற்கும். டீமனைக் கிளப்பும் வரியின் முடிவில் ‘9>&-’ சேருங்கள். கிரான் வரியில் பூட்டினால் ‘-ஓ’ போதும். யார் பிடித்திருக்கிறார்கள் என்று எல்எஸ்லாக்ஸ் கட்டளை காட்டும். ஆனால் ஸ்கிரிப்டுக்குள் 9ஐப் பூட்டியிருந்தால் அது காட்டும் பிஐடி, எப்போதோ முடிந்துபோன ஃப்ளாக் கட்டளையுடையது. அப்போது ஃபைலை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை லாக் ஃபைலின்மேல் ஓட்டிப் பாருங்கள்.

இந்தப் பூட்டு, பூட்டைக் கேட்பவரை மட்டுமே தடுக்கும். கேட்காமல் எழுதும் ப்ராசஸைத் தடுக்காது. கேட்காதவரையும் தடுக்கும் கட்டாயப் பூட்டு லினக்ஸ் 5.15இல் நீக்கப்பட்டுவிட்டது. எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரி, கெர்னலின் இன்னொரு பூட்டு வகையான எஃப்சிஎன்டிஎல் பூட்டைப் பயன்படுத்துவதால், லோக்கல் டிஸ்கில் அதன் டேட்டாபேஸை ஃப்ளாக்கால் பூட்டினாலும் அது கண்டுகொள்ளாது. நிரல் எழுதுபவர்கள் எஃப்சிஎன்டிஎல்லில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதே ஃபைலை வேறு டிஸ்கிரிப்டரில் திறந்து மூடினாலே அந்த ஃபைலின்மேல் அந்த ப்ராசஸ் போட்ட எல்லாப் பூட்டும் போய்விடும். லைப்ரரி ஒன்று ஒருமுறை படித்து மூடினால் போதும், கதை முடிந்தது. லினக்ஸ் 3.15 முதல் உள்ள ஓஎஃப்டி பூட்டு (ப்ராசஸுக்கு அல்லாமல் திறந்த ஃபைலுக்கே சொந்தமான பூட்டு) இதற்கு மாற்று.

என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழியாகப் பகிரும் ஃபைல் சிஸ்டம்) லினக்ஸ் 2.6.12 முதல் ஃப்ளாக், எஃப்சிஎன்டிஎல் பூட்டாக மாறித்தான் சர்வருக்குப் போகிறது. அதனால் அங்கே தனிப்பூட்டு (ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு) போட ஃபைலை எழுதத் திறந்திருக்க வேண்டும். ‘9>>’ அதற்கும் சரியாகவே வரும்.