ஏ9 பயணத்தை எழுதப் போகிறீர்களா?

2002 போர்நிறுத்தத்தோடு வந்த சமாதான காலத்தில், யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி வழியாக வன்னிக்குப் போய்வந்த கதையை இப்போது மலையகத்தில் பலர் எழுதுகிறார்கள். நானும் எழுதினேன், பாதி தப்பு.

2003இல் எனக்கு 19 வயது. அட்டனிலிருந்து அம்மாவோடு கிளிநொச்சிக்குப் போனேன். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னியில் குடியேறியவர்களில் பெரியம்மா குடும்பமும் ஒன்று.

முதல் தவறு, பழைய குறிப்பைத் 'திருத்துவது'. ஓமந்தை இராணுவச் சாவடியைத் தாண்டியபோது மணி 10 என்றும், அதற்குப் பிறகு புளியங்குளத்தில் புலிகளின் சாவடிக்கு வந்தபோது 9.50 என்றும் டயரியில் எழுதியிருந்தேன். உளறல் என்று பின்னால் வெட்டிவிட்டேன். டயரிதான் சரி! 1996இல் அரசாங்கம் கடிகாரத்தை முன்னால் நகர்த்தியது. புலிகள் பழைய நேரத்தை விடவில்லை. சாவடிச் சுவர்க் கடிகாரம் அரை மணி பின்னால் இருந்தது. 2006 ஏப்ரலில் கொழும்பும் பழைய நேரத்துக்கே திரும்பியதால் அந்த அரை மணியே பலருக்கு மறந்துபோயிற்று.

வருடங்களும் அப்படித்தான். 2002 ஏப்ரலில் திறந்த பாதை 2006 ஆகஸ்டில் முகமாலையில் மூடப்பட்டது. 2007இல் அவ்வழியே யாழ்ப்பாணம் போனதாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

'எல்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். அன்று இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதி, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி, நடுவில் சூனியப் பிரதேசம் என்றுதான் சொன்னோம். கதையை ஓமந்தையில் தொடங்குவதும் எனக்குப் பிடிக்காது. அந்த வீதி தொடங்குவதே நம்ம கண்டியில். யாழ்ப்பாணத்தார் அதைக் கண்டி வீதி என்றே சொல்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது, 2009இல் போர் முடிந்த பிறகு தெரிந்ததை அன்றைய தலைக்குள் திணிப்பது. பெரியம்மா வீட்டு முற்றத்தில் நின்று 'இது நிலைக்காது' என்று நினைத்ததாக எழுதியிருந்தேன். பொய். அன்று என் கவலையெல்லாம் கொண்டுபோன தேயிலைத்தூள் பற்றித்தான். சோதனையில் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியைக் கொட்டிவிட்டார்கள் என்று கோபம்.

அப்புறம், கூட வந்தவர்களிடம் கேட்காமல் எழுதாதீர்கள். போன மாதம் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். தேயிலைத்தூள் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"யாருடா பிரிச்சா? பஸ்ஸுல நீதான் மிதிச்சுக் கிழிச்ச."